காவிரி வழக்கை வகுப்பில் எடுத்துச் செல்வது எப்படி?

மத்திய, மாநில உறவுகள் பற்றிய பாடத்தில் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு சில வரிகளில் வந்து போய்விடும். வகுப்பில் அது சில வரிகளோடு நிற்பதில்லை. காவிரி என்ற சொல்லைக் கேட்டவுடன் கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். "சார், அவங்க ஏன் சார் நம்ம தண்ணிய அடைச்சு வைக்கிறாங்க?" என்ற கேள்வி எந்த மாவட்டத்துப் பள்ளியிலும் எழும். டெல்டா மாவட்டமாக இருந்தால் கேள்வியோடு கோபமும் சேர்ந்து வரும். குறுவை போடாமல் வயல் தரிசாகக் கிடந்த ஆண்டை அந்தப் பிள்ளை வீட்டில் பார்த்திருக்கும்.

அந்தக் கோபத்தை நாம் தட்டிக்கழிக்க முடியாது. அதை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் வாழ்ந்த தமிழர்கள் தாக்கப்பட்டு ஊரைவிட்டு வெளியேறியதும், 2016 செப்டம்பரில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் கொளுத்தப்பட்டதும், அதே நாட்களில் இங்கே கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்கள் வண்டிகளும் தாக்கப்பட்டதும் நடந்தவை. 14 வயதுப் பிள்ளைக்கு இந்த வழக்கு வசையாகத்தான் முதலில் அறிமுகமாகிறது. அதை எண்ணாகவும் தேதியாகவும் சட்டப் பிரிவாகவும் மாற்றிக் கொடுப்பது சமூக அறிவியல் ஆசிரியரின் வேலை. நான் இதற்கு நான்கு பாடவேளைகள் ஒதுக்குகிறேன். ஒன்றைக் கணித ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

டி.எம்.சி. என்றால் எவ்வளவு?

செய்தித்தாளில் ஒரே நாளில் இரண்டு அலகுகள் வரும். அணையில் இருப்பதை டி.எம்.சி. என்றும், ஆற்றில் வருவதை வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். 100 கோடியை 86,400-ஆல் வகுத்தால் 11,574 வரும். ஆக, வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் 24 மணி நேரம் தண்ணீர் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. இந்த ஒரு எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வைத்துவிடுங்கள்.

லிட்டரில் கேட்பார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் ஒரு டி.எம்.சி. சுமார் 2,830 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் ஏறக்குறைய 23.6 லட்சம் லாரிகள். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; கிருஷ்ணராஜ சாகரத்தினுடையது 49.45 டி.எம்.சி. இவற்றை லாரிகளில் சொல்லச் சொன்னால் வகுப்பு சிரித்துக்கொண்டே கணக்குப் போடும். அதன் பிறகு "5,000 கன அடி திறப்பு" என்ற செய்தியைப் படிக்கும்போது அது அரை டி.எம்.சி.கூட இல்லை என்று தாங்களே சொல்வார்கள்.

மழை வருவது எப்போது?

வழக்கைப் புரிந்துகொள்ள சட்டத்தைவிட நாட்காட்டிதான் முதலில் வேண்டும். இதை அவசரப்படாமல் நடத்தலாம். குடகில் தலைக்காவிரியில் பிறந்து 800 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் மேல்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கிடைக்கிறது. ஹேமாவதி, ஹாரங்கி, கேரளத்தின் வயநாட்டில் பிறந்து வரும் கபினி எல்லாம் அப்போதுதான் நிறைந்து ஓடும். நம் டெல்டாவுக்கு உரிய மழையோ வடகிழக்குப் பருவமழை. அது அக்டோபரில்தான் தொடங்கும். ஆனால் குறுவை நடவுக்கு ஜூனில் தண்ணீர் வேண்டும். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பது என்ற வழக்கம் இதனால்தான் வந்தது. டெல்டா விவசாயி தன் வயலில் மழை பெய்யாத மாதங்களில், வேறொரு மாநிலத்து மலையில் பெய்யும் மழையை நம்பி நாற்று விடுகிறார்.

மேலே இருப்பவரின் நிலையையும் அதே நாட்காட்டியில் காட்டலாம். மண்டியா மாவட்டத்தில் கிருஷ்ணராஜ சாகரத்தின் விஸ்வேஸ்வரய்யா கால்வாயை நம்பி நெல்லும் கரும்பும் போடுகிறார்கள். அவர்களுக்கும் தண்ணீர் வேண்டியது அதே மாதங்களில்தான். ஜூலையில் மழை குறைந்தால், ஆகஸ்டில் பெய்யுமா என்று யாருக்கும் தெரியாது. வந்ததைத் தேக்கி வைத்துக்கொள்ளவே மேலே இருப்பவருக்குத் தோன்றும். கீழே இருப்பவருக்கோ நவம்பரில் வெள்ளமாக வருவது பயனில்லை, ஜூலையில் வாய்க்காலில் வருவதுதான் தண்ணீர். ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்பதோடு எந்த மாதத்தில் எவ்வளவு என்பதும் சேர்ந்துதான் இந்தத் தகராறு. பாடநூல்கள் மொத்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

1892-லிருந்து

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். ஆனால் சிலவற்றின் காரணம் தெரிய வேண்டும். 1892-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் முதல் ஒப்பந்தம். மேல்பகுதியில் புதிய பாசனப் பணிகள் செய்யுமுன் சென்னையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். மைசூர் கிருஷ்ணராஜ சாகரத்தைக் கட்ட முனைந்தபோது சிக்கல் எழுந்து, 1924-இல் இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. கிருஷ்ணராஜ சாகரமும் மேட்டூரும் அந்த ஒப்பந்தத்தின் இரு பக்கங்கள் என்று சொல்லலாம். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. ஒப்பந்தத்தின் சில பிரிவுகளை 50 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை செய்யலாம் என்று அதில் இருந்தது. அந்த 50 ஆண்டுகள் 1974-இல் முடிந்தன. பிரிட்டிஷ் அரசு ஒரு சமஸ்தானத்தின்மேல் திணித்த ஒப்பந்தம், அதுவும் முடிந்துவிட்டது என்பது கர்நாடகத்தின் வாதம். காலங்காலமாகப் பாசனம் நடக்கும் நிலத்தின் உரிமை ஒரு தேதியோடு முடிந்துவிடாது என்பது நம் வாதம். இரண்டையும் சம நேரம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே அரசமைப்புச் சட்டத்துக்குப் போகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நல்ல கேள்வி ஒன்று கேட்பார்கள்: இரு மாநிலங்களுக்கு இடையே வழக்கு என்றால் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம் என்று 131-ஆவது பிரிவு சொல்கிறதே, பிறகு ஏன் நடுவர் மன்றம்? பதில் 262-ஆவது பிரிவில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான ஆற்று நீர்த் தகராறுகளைத் தீர்க்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றலாம், அந்தத் தகராறுகளில் உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்றும் வைக்கலாம் என்கிறது அது. அப்படி வந்ததுதான் 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டம். அதன் 11-ஆவது பிரிவு நீதிமன்றங்களுக்குக் கதவை அடைக்கிறது. தண்ணீரைப் பங்கிட நீரியல், வேளாண்மை, பொறியியல் எல்லாம் ஆராய வேண்டியிருப்பதால் அதற்கென ஒரு மன்றம் அமைத்து விசாரிப்பது நல்லது என்ற எண்ணமே இதன் பின்னால் இருந்தது.

எண்ணம் நல்லதுதான். நடந்தது வேறு. 1986-இல் தமிழ்நாடு நடுவர் மன்றம் கேட்டது. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, 1990 ஜூன் 2 அன்று மத்திய அரசு காவிரி நடுவர் மன்றத்தை அமைத்தது. 1991 ஜூன் 25 அன்று, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. திறக்க வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு வந்தது. அடுத்த மாதமே அதைச் செல்லாமல் ஆக்கக் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அந்த அவசரச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 1991 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. ஒரு மாநிலம் தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார முடியாது என்பதுதான் அந்தக் கருத்தின் சாரம். 143-ஆவது பிரிவின் ஆலோசனை அதிகாரத்துக்கு எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. மத்திய அரசிதழில் அது வெளியாக 2013 பிப்ரவரி ஆயிற்று. நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவே முடியுமா என்ற கேள்விக்கு, 136-ஆவது பிரிவின்கீழ் முடியும் என்று 2016 டிசம்பரில் விடை கிடைத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று தீபக் மிஸ்ரா, அமிதவா ராய், ஏ.எம்.கான்வில்கர் ஆகிய மூன்று நீதிபதிகள் அமர்வு இறுதித் தீர்ப்பைத் திருத்தி அளித்தது. மன்றம் அமைந்ததிலிருந்து 28 ஆண்டுகள். "நாங்க பொறக்கவே இல்ல சார்" என்பார்கள் பிள்ளைகள். நம்மில் பலர் அப்போது பள்ளி மாணவர்கள். 2002-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், மாநிலம் கேட்ட ஓராண்டுக்குள் மன்றம் அமைக்க வேண்டும், மன்றம் மூன்று ஆண்டுகளில் முடிக்க வேண்டும், தேவையானால் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம் என்று காலவரம்பு வைத்ததற்கு இத்தகைய தாமதங்களே காரணம்.

740-ஐ எப்படிப் பிரித்தார்கள்?

காவிரிப் படுகையில் ஆண்டுக்கு 740 டி.எம்.சி. கிடைக்கும் என்று நடுவர் மன்றம் கணக்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4. பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக 740 வரும். அதன்படி எல்லையில் பில்லிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் கர்நாடகம் தர வேண்டியது 192. உச்ச நீதிமன்றம் இதில் 14.75-ஐக் குறைத்துக் கர்நாடகத்துக்குச் சேர்த்தது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டது ஒரு பகுதி. பெங்களூருவின் குடிநீருக்கு 4.75 என்பது மறுபகுதி. பெங்களூருவில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் அந்த அளவுக்கே தண்ணீர் கணக்கிட்டிருந்தது. குடிநீருக்கு அப்படி எல்லை போட முடியாது என்றது நீதிமன்றம். இப்போது தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, பில்லிகுண்டுலுவில் 177.25.

இந்த இடத்தில் ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். நமக்கு 404.25 என்றால் அவ்வளவும் கர்நாடகம் தருவது என்றே பெரியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்ட நீர் பில்லிகுண்டுலுவுக்குக் கீழே கிடைப்பது. பவானி, நொய்யல், அமராவதி ஆகியவையும் நம் மாவட்டங்களில் பெய்யும் மழையும் தருவது. படுகையின் வரைபடத்தில் பில்லிகுண்டுலுவை ஒரு சிவப்புப் புள்ளியாகக் குறித்து, அதற்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் பூசச் சொன்னால் புரிந்துவிடும்.

அடுத்து மாதவாரி அட்டவணை. ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 வீதம். இதைப் பட்டை வரைபடமாக வரைந்தால் ஒரு மலைபோல எழுந்து இறங்கும். முதல் நான்கு மாதங்களைக் கூட்டினால் 123.14. மொத்தத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். நாட்காட்டிப் பாடத்தில் சொன்னதை வரைபடம் இங்கே காட்டிவிடும்.

மழை பொய்த்த ஆண்டு

இனி வருவதுதான் பாடத்தின் கடினமான பகுதி. என் கருத்தில் முக்கியமான பகுதியும் இதுவே. 740 என்ற எண் 50 சதவீத நம்பகத்தன்மையின் அடிப்படையில் எடுக்கப்பட்டது. அதாவது நீண்ட கால அளவீட்டில், இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு இவ்வளவோ இதற்கு மேலோ தண்ணீர் வரும். மற்ற ஆண்டு குறையும். சில ஆண்டுகளில் கொஞ்சம், சில ஆண்டுகளில் மிக அதிகம். குறைந்த ஆண்டில் என்ன செய்வது? அவரவர் பங்கையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது தீர்ப்பு. ஒரு வரியில் நியாயம் சொல்லியாயிற்று.

அந்த வரியை வகுப்பில் கணக்காக்கிப் பாருங்கள். ஓர் ஆண்டு 60 சதவீதம்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 444. தமிழ்நாட்டுக்கு 242.55, கர்நாடகத்துக்கு 170.85, கேரளத்துக்கு 18, புதுச்சேரிக்கு 4.2. பில்லிகுண்டுலுவில் 106.35. கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு கேள்விகளைத் தொடுங்கள். இந்த ஆண்டு 60 சதவீதம் என்று எந்த மாதத்தில் தெரியும்? ஜூலை முடிவில் 60 என்று முடிவு கட்டித் தண்ணீரைக் குறைத்தபின் செப்டம்பரில் கொட்டினால், காய்ந்த குறுவையை யார் மீட்பது? 60 என்று நம்பித் திறந்துவிட்டபின் மழை நின்றுபோனால் மண்டியாவின் பயிருக்கு என்ன வழி? வடகிழக்குப் பருவமழை பின்னால் வரும் என்பதை எதிர்பார்த்து இப்போதே தமிழ்நாட்டின் பங்கைக் குறைக்கலாமா? குடிநீரையும் 40 சதவீதம் வெட்டுவதா?

2018 ஜூன் 1 அன்று மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் ஆண்டுதோறும் மோதிக்கொண்டிருப்பது இந்தக் கேள்விகளோடுதான். 2023-ஐ எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் இறுதியில் 15 நாட்களுக்கு வினாடிக்கு 5,000 கன அடி திறக்கச் சொன்னார்கள். 75,000-ஐ 11,574-ஆல் வகுத்தால் 6.48 டி.எம்.சி. செப்டம்பருக்குரிய 36.76-ஐ நாள் கணக்காக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 14,180 கன அடி வர வேண்டும். வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே பயிர் காய்ந்தது. அங்கே அந்தத் தண்ணீரையும் தரக்கூடாது என்று செப்டம்பர் முடிவில் முழு அடைப்பு நடந்தது. உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் முடிவில் தலையிட மறுத்தது. மாணவர்கள் இந்த எண்களைத் தாங்களே போட்டுப் பார்த்த பிறகு பேசும் பேச்சு முதல் நாள் பேச்சைப்போல் இருக்காது. கோபம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் "60 சதவீதம்னு யார் சார் முடிவு பண்றது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு இரு மாநிலங்களும் ஒப்புக்கொள்ளும் ஒரு சூத்திரம் இன்றுவரை கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாம்.

வகுப்பில் ஒரு ஒழுங்காற்றுக் குழு

நீதிமன்ற நாடகம் போடுவதைவிடக் குழுக் கூட்டம் நடத்துவது நல்லது. நீதிமன்றம் என்றால் இரண்டு பேர் முழங்குவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். குழு என்றால் எண் சொல்ல வேண்டும். நான்கு மாநிலங்களுக்கும் மூன்று மூன்று பேர், தலைவராக ஒருவர், மழை அளவும் அணை இருப்பும் சொல்ல ஒருவர். யார் எந்த மாநிலம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் கர்நாடகத்துக்காகவும் பேசித்தான் ஆக வேண்டும். முதல் முறை செய்தபோது கர்நாடகச் சீட்டு எடுத்த பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அரை மணி நேரத்தில் மண்டியா விவசாயிக்காக அவன் வாதாடியதைக் கேட்டுத் தமிழ்நாட்டுக் குழு திணறிப்போனது. கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் பேச வருபவர்களையும் விட்டுவிடாதீர்கள். காரைக்காலுக்கு உரிய 7 டி.எம்.சி. நம் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஏழைக் கேட்கும்போது தமிழ்நாட்டுக் குழு திடீரென்று மேல்பகுதி மாநிலமாகிவிடும்.

யாராவது மேகதாது பற்றிக் கேட்பார்கள். கர்நாடகம் அங்கே 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்ட முன்வைத்துள்ளது, தமிழ்நாடு எதிர்க்கிறது என்ற அளவில் சொல்லி, கர்நாடக நிலையையும் நம் நிலையையும் செய்தித்தாளில் தேடி எழுதிவரச் சொல்லலாம்.

இன்னொரு செய்தியையும் தவறாமல் சொல்கிறேன். சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீர். கிருஷ்ணா படுகையில் தமிழ்நாட்டுக்கு இடமே இல்லை. ஆனாலும் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1970-களில் ஒப்புக்கொண்டன. 1983-இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1996-இல் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஒப்பந்த அளவு முழுமையாக எல்லா ஆண்டும் வந்ததில்லை என்பது உண்மை. என்றாலும், அந்தப் பதினைந்தில் ஐந்து கர்நாடகத்தின் பங்கு என்று சொன்னால் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கு

ஐந்தாம் வகுப்பில் சட்டப் பிரிவு தேவையில்லை, ஒரு வாளி போதும். வாளியில் 20 டம்ளர் தண்ணீர். நான்கு குழந்தைகள் வரிசையாக, ஆளுக்கு ஒரு காலிப் பாத்திரம், ஒரு தேவைச் சீட்டு: 8, 6, 4, 2. முதல் சுற்றில் வாளி முன்னாலிருந்து நகரட்டும், யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. பெரும்பாலும் கடைசிக் குழந்தைக்கு வந்து சேராது. இரண்டாம் சுற்றில் நால்வரும் பேசி அளவு எழுதி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அளந்து ஊற்ற ஐந்தாவதாக ஒரு குழந்தை. மூன்றாம் சுற்றுக்கு வாளியில் 12 டம்ளர்தான். ஆனால் அதை முதலிலேயே சொல்லக்கூடாது, பாதி வரிசை போனபின் சொல்ல வேண்டும். அங்கேதான் சண்டை வரும். கொஞ்ச நேரம் விட்டுப் பிடியுங்கள். ஒரு பாடவேளை சரியாக இருக்கும். இரண்டாம் சுற்றில் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள், மறுநாள் அதை எப்படித் திருத்தி எழுதலாம் என்று அவர்களையே கேட்கலாம். தண்ணீரைப் பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம்.